பெயர் இல்லாத பூதக்கண்ணாடி!

ஆள்காட்டி விரல் நீளம் கூட இல்லாத ஒரு சின்னத் தகடு. அதைச் செய்தவர் பெயர் அதில் இல்லை. ஊர் இல்லை. ஆண்டும் இல்லை. ஆனால் 2009-ம் ஆண்டு ஏலத்தில் அதன் விலை 2 கோடி ரூபாய்க்கு மேல்!

பெயரே இல்லாத பொருளை, "இது இன்னார் செய்தது" என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அதற்கு விலை போடுவது எப்படி? துப்பறியும் கதையைப் போன்ற அந்த உண்மைச் சம்பவங்கள் இதோ:

சேற்றில் கிடைத்தது

ஹாலந்து நாட்டில் டெல்ப்ட் என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. தெருவுக்குத் தெரு கால்வாய் ஓடும் நகரம் அது.

அந்தக் கால்வாய்களை அவ்வப்போது தூர் வாருவார்கள். வாரிப் போட்ட சேற்றில் பழங்காலப் பொருள்கள் கிடைப்பது உண்டு.

அப்படிச் சேற்றில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு சிறு உலோகப் பொருள், 2014-ம் ஆண்டின் கடைசியில் இன்டர்நெட் வழியாக விற்பனைக்கு வந்தது.

பார்த்தால், ஏதோ உடைந்த சாமானில் இருந்து கழன்ற துண்டு போல் இருந்தது. ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த ஒருவர் அதை வாங்கினார். பழைய மைக்ராஸ்கோப்புகளைச் சேர்த்து வைப்பது அவர் வழக்கம்.

மைக்ராஸ்கோப் என்றால், கண்ணுக்குத் தெரியாத சின்னப் பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் பூதக்கண்ணாடிக் கருவி.

இங்கிலாந்து நாட்டு உயிரியல் அறிஞர் பிரையன் போர்டு, வாங்கிய பொருளை ஆராய்ந்தார். அது உலகத்தின் மிகப் பழைய பூதக்கண்ணாடிக் கருவிகளில் ஒன்று என்றும், லூவன்ஹூக் என்பவர் தம் கையால் செய்தது என்றும் 2015-ம் ஆண்டில் அறிவித்தார்.

தகட்டில் "லூவன்ஹூக்" என்று எழுதி இருந்ததா? இல்லை. ஓர் எழுத்துக்கூட இல்லை!

பிறகு எப்படித் தெரிந்தது? அதைச் சொல்வதற்கு முன், லூவன்ஹூக் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

துணிக்கடைக்காரர்

லூவன்ஹூக் டெல்ப்ட் நகரில் 1632-ம் ஆண்டு அக்டோபர் 24-ந்தேதி பிறந்தார். தந்தை கூடை முடைபவர். பையன் சிறுவனாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார்.

16 வயதில் ஆம்ஸ்டர்டாம் நகருக்குப் போய், ஒரு துணிக்கடையில் வேலை கற்றுக்கொண்டார். பிறகு ஊர் திரும்பி, திருமணம் செய்துகொண்டு, சொந்தமாகத் துணிக்கடை வைத்தார்.

அவர் கல்லூரிக்குப் போனதில்லை. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் படித்தவர்கள் பலர் லத்தீன் மொழியில் எழுதினார்கள். லூவன்ஹூக்குக்கு லத்தீன் தெரியாது. தாய்மொழியான டச்சு மொழி ஒன்றுதான் தெரியும்.

துணி வியாபாரிகள் பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள். துணியில் நூல் எத்தனை, நெசவு எப்படி என்று பார்ப்பதற்காக.

மற்ற வியாபாரிகள் நூலைப் பார்த்தார்கள். கண்ணாடியை மேஜை மீது வைத்துவிட்டார்கள். லூவன்ஹூக் அப்படி வைக்கவில்லை. இன்னும் பெரிதாகக் காட்டும் கண்ணாடி வேண்டும் என்று ஆசைப்பட்டார். கடையில் கிடைக்காததால், தாமே செய்யத் தொடங்கினார்.

கருவி எப்படி இருக்கும்?

இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கும் மைக்ராஸ்கோப்புக்கு நீண்ட குழாய் இருக்கிறது. மேலே ஒரு கண்ணாடி, கீழே ஒரு கண்ணாடி இருக்கின்றன.

லூவன்ஹூக் செய்த கருவியில் இவை எதுவும் கிடையாது.

இரண்டு மெல்லிய தகடுகள். வெள்ளி அல்லது பித்தளை. உயரம் சுமார் 5 சென்டிமீட்டர், அகலம் அதில் பாதி. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, சிறு ஆணிகளால் இறுக்கி இருப்பார்.

இரு தகடுகளிலும் குண்டூசித் தலை போல் ஒரு துளை. அந்தத் துளைக்கு நடுவே, தகடுகளுக்கு இடையில், ஒரே ஒரு குட்டிக் கண்ணாடி வில்லை.

பின்பக்கம் ஒரு கூரான ஊசி. பார்க்க வேண்டிய பொருளை அதன் முனையில் ஒட்ட வேண்டும். ஊசியை மேலும் கீழும் நகர்த்த ஒரு நீளத் திருகு. முன்னும் பின்னும் நகர்த்த ஒரு சின்னத் திருகு. அவ்வளவுதான்!

கருவியைக் கண்ணோடு ஒட்டினாற்போல் பிடித்து, வெளிச்சத்தை நோக்கிப் பார்க்க வேண்டும்.

இந்தச் சின்னத் தகடு எவ்வளவு பெருக்கிக் காட்டும்? ஹாலந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகப் பொருட்காட்சிச் சாலையில் ஒரு கருவி இருக்கிறது. அது 266 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது!

மிளகில் என்ன இருக்கிறது?

இந்தக் கருவியைக் கொண்டு லூவன்ஹூக் எதைத்தான் பார்க்கவில்லை! தேனீயின் கொடுக்கு, பேன், பூஞ்சக்காளான், ரத்தம், மீன் வால், தம் தோல் எல்லாவற்றையும் பார்த்தார்.

1674-ம் ஆண்டில் ஓர் ஏரித் தண்ணீரை எடுத்துப் பார்த்தார். அதில் சின்னஞ்சிறு உயிர்கள் நீந்தின. அதுவரை மனிதக் கண் பார்த்திராத உயிர்கள்!

1676-ம் ஆண்டில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. மிளகு ஏன் காரமாக இருக்கிறது?

மிளகில் கண்ணுக்குத் தெரியாத முட்கள் இருக்குமோ, அவைதான் நாக்கில் குத்துகின்றனவோ என்று அவர் நினைத்தார். மிளகைத் தண்ணீரில் சில வாரம் ஊற வைத்தார். ஒரு துளியை எடுத்துப் பார்த்தார்.

முள் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு துளியில் எண்ண முடியாத அளவுக்கு நுண்ணிய உயிர்கள் துடித்துக்கொண்டிருந்தன!

இதைப் பற்றி 1676-ம் ஆண்டு அக்டோபர் 9-ந்தேதி, லண்டனில் உள்ள ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கத்துக்கு நீண்ட கடிதம் எழுதினார்.

லண்டன் விஞ்ஞானிகள் திகைத்தார்கள். ஒரு துளி நீரில் இத்தனை உயிரா? ஒரு துணி வியாபாரி சொல்வதை நம்புவதா?

லூவன்ஹூக் கோபப்படவில்லை. ஊர்ப் பெரியவர்கள் எட்டுப் பேரை அழைத்து, கருவி வழியாகப் பார்க்கச் சொன்னார். "நாங்களும் பார்த்தோம்" என்று அவர்களிடம் எழுதி வாங்கி அனுப்பினார்.

1677-ம் ஆண்டு நவம்பரில், ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி லண்டனிலேயே மிளகு நீரை ஊற வைத்துச் சோதித்தார். உயிர்கள் தெரிந்தன. லூவன்ஹூக் சொன்னது உண்மை!

1680-ம் ஆண்டில் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது. லத்தீன் தெரியாத துணிக்கடைக்காரர், உலகப் பெரும் விஞ்ஞானிகளின் வரிசையில் உட்கார்ந்தார்.

பல்லில் இருந்த பிராணிகள்

1683-ம் ஆண்டில் தம் பல்லில் படிந்திருந்த வெள்ளை அழுக்கைச் சுரண்டிப் பார்த்தார். தினமும் உப்புப் போட்டுப் பல் தேய்க்கும் பழக்கம் உடையவர் அவர். ஆனாலும் அந்த அழுக்கில் உயிர்கள் ஓடின!

ஆயுளில் ஒரு நாள்கூடப் பல் துலக்காத ஒரு கிழவரைத் தேடிப் பிடித்து, அவர் பல் அழுக்கையும் பார்த்தார். அதில் இன்னும் பெரிய கூட்டம்!

இன்று "பாக்டீரியா" என்று டாக்டர்கள் சொல்வது இந்த உயிர்களைத்தான். நோய்க் கிருமி, தயிர் உறையச் செய்யும் கிருமி என்று இன்று குழந்தைக்கும் தெரிந்த விஷயங்களுக்கு ஆரம்பம், கையில் பிடித்த அந்தச் சின்னத் தகடுதான்.

ஏன் பெயர் போடவில்லை?

இவ்வளவு பெரிய காரியம் செய்த கருவியில், செய்தவர் ஏன் பெயர் பொறிக்கவில்லை?

காரணம் எளிது. அவர் அதை விற்பனைக்குச் செய்யவில்லை!

விற்கிறவர்தான் கடைப்பெயர் போடுவார். லூவன்ஹூக் தமக்காகவே செய்துகொண்டார். சமையல் செய்பவர் தம் வீட்டுத் தோசைக் கரண்டியில் பெயர் வெட்டிக்கொள்வாரா?

இன்னொரு விசித்திரமும் உண்டு. ஒரு பொருளை ஊசியில் ஒட்டிப் பார்த்த பிறகு, அது அழகாகத் தெரிந்தால் அதை எடுக்க அவருக்கு மனம் வராது. அந்தக் கருவியை அப்படியே வைத்துவிடுவார். அடுத்த பொருளைப் பார்க்கப் புதிதாக இன்னொரு கருவி செய்வார்!

இப்படியே வீடு முழுவதும் நூற்றுக்கணக்கான கருவிகள் சேர்ந்தன.

அவரைப் பார்க்க அரசர்களும் வந்தார்கள். 1698-ம் ஆண்டு ரஷியச் சக்கரவர்த்தி மகா பீட்டர் டெல்ப்ட் கால்வாயில் படகில் வந்து இறங்கினார். விலாங்கு மீனின் வாலில் ரத்தம் ஓடுவதை லூவன்ஹூக் அவருக்குக் காட்டினார்.

ஆனால் யார் வந்தாலும் ஒன்று மட்டும் நடக்காது. மிகச் சிறந்த கருவிகளை அவர் யாருக்கும் காட்டமாட்டார். வில்லையை எப்படிச் செய்தார் என்பதையும் சொல்லமாட்டார்.

1723-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந்தேதி, 90-வது வயதில் அவர் காலமானார். ரகசியமும் அவரோடு போயிற்று.

காணாமல் போன 26

சாவதற்கு முன் லூவன்ஹூக் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். தம்மை மதித்த ராயல் சொசைட்டிக்கு 26 வெள்ளிக் கருவிகளை எழுதி வைத்தார்.

அவருடைய குழந்தைகளில் உயிரோடு எஞ்சியவர் மரியா என்ற ஒரே மகள். தந்தையின் விருப்பப்படி மரியா அவற்றை லண்டனுக்கு அனுப்பினார். கறுப்புப் பூச்சும் பொன் வேலைப்பாடும் கொண்ட அலமாரிப் பெட்டி. அதற்குள் 13 சிறு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு கருவிகள்.

ஹென்றி பேக்கர் என்ற அறிஞர் அந்த 26 கருவிகளையும் ஒவ்வொன்றாக அளந்தார். 40 மடங்கில் இருந்து 160 மடங்கு வரை அவை பெருக்கிக் காட்டின என்று எழுதி வைத்தார்.

அந்த 26 கருவிகள் இன்று எங்கே?

தெரியாது! ராயல் சொசைட்டியில் நூறு ஆண்டு பத்திரமாக இருந்தவை, 19-ம் நூற்றாண்டில் காணாமல் போய்விட்டன. எவரார்டு ஹோம் என்ற பிரபல டாக்டர் ஆராய்ச்சிக்காக எடுத்துச் சென்றார், திரும்பி வரவில்லை என்று சொல்லப்படுகிறது.

1981-ம் ஆண்டில் பிரையன் போர்டு, ராயல் சொசைட்டி நூலகத்தில் லூவன்ஹூக்கின் பழைய கடிதங்களைப் புரட்டினார். கடிதத்தோடு சின்னஞ்சிறு காகிதப் பொட்டலங்கள் ஒட்டி இருந்தன.

பிரித்தார். உள்ளே, 1674-ம் ஆண்டில் லூவன்ஹூக் சவரக் கத்தியால் சீவி அனுப்பிய தக்கைச் சீவல்கள்! 300 ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தன.

வெள்ளிக் கருவிகள் போய்விட்டன. வெறும் தக்கைச் சீவல் பிழைத்திருந்தது! வெள்ளி என்றால் யாராவது ஆசைப்படுவார்கள். காகிதப் பொட்டலத்துக்கு யார் ஆசைப்படுவார்கள்?

ஏலத்தில் சிதறியவை

26 போக மீதிக் கருவிகள் மகள் மரியாவிடம் இருந்தன. அவர் 1745-ம் ஆண்டு இறந்தார்.

1747-ம் ஆண்டு மே மாதம் டெல்ப்ட் நகரில் எல்லாவற்றையும் ஏலம் விட்டார்கள். 247 முழுக் கருவிகள், தகடுகளுக்கு நடுவே பொருத்திய 172 வில்லைகள் இருந்தன என்பது வரலாற்று ஆசிரியர்கள் தரும் கணக்கு. அவற்றில் மூன்று, தங்கத்தில் செய்தவை!

ஏலம் எடுத்தவர்கள் பல பேர். கருவிகள் பல வீடுகளுக்குப் போயின. ஒரு தலைமுறை கழிந்தது. அடுத்த தலைமுறைக்கு அது என்ன என்றே தெரியவில்லை.

பெயர் இல்லாத சின்ன வெள்ளித் தகடு வீட்டில் கிடந்தால் என்ன ஆகும்? ஒருநாள் தட்டானிடம் போகும். உருகும். பல கருவிகளின் கதி அப்படித்தான் முடிந்திருக்க வேண்டும்.

நூற்றுக்கணக்கில் இருந்தவற்றில், லூவன்ஹூக் செய்தவை என்று இன்று சொல்லப்படுபவை சுமார் ஒரு டஜன்தான்!

நகல்களும் உண்டு

விஷயம் இன்னும் சிக்கலாகிறது. லூவன்ஹூக் கருவியைப் போல நகல் செய்தவர்களும் உண்டு.

1880-களில் லண்டனில் ஜான் மேயால் என்பவர், அசலைப் பார்த்து நகல்கள் செய்தார். அவர் ஏமாற்றுவதற்காகச் செய்யவில்லை. மைக்ராஸ்கோப் வரலாற்றை மற்றவர்களுக்கு விளக்கிக் காட்டவே செய்தார். பிறகு பொருட்காட்சிச் சாலைகளுக்காகவும் பலர் நகல் செய்தார்கள்.

அந்த நகலுக்கும் இன்று வயது நூறைத் தாண்டிவிட்டது. அதுவும் கறுத்து, தேய்ந்து, பழையதாகத்தான் தெரியும். அசல் எது, நகல் எது?

ஐந்து தடயங்கள்

நிபுணர்கள் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள்.

முதல் தடயம், அமைப்பு. தகட்டின் அளவு என்ன? ஆணிகள் எங்கே இருக்கின்றன? ஊசி எப்படி வளைந்திருக்கிறது? இவற்றைப் பொருட்காட்சிச் சாலையில் உள்ள அசலோடு ஒப்பிடுவார்கள்.

இரண்டாவது தடயம், திருகின் மரை. இதுதான் முக்கியமானது. இயந்திரம் வெட்டிய மரை எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். கையால் வெட்டிய மரை அப்படி இருக்காது. ஓரிடம் அகலம், ஓரிடம் குறுகல் என்று இருக்கும். அது ஒருவரின் கையெழுத்தைப் போன்றது. தகட்டில் பெயர் இல்லாவிட்டால் என்ன? திருகில் இருக்கிறது கையெழுத்து!

சேற்றில் கிடைத்த பொருளைப் பிரையன் போர்டு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் என்ற நவீனக் கருவியின் கீழ் வைத்து ஆராய்ந்தார். உலகத்தின் மிகப் பழைய மைக்ராஸ்கோப்புகளில் ஒன்றை, நவீன மைக்ராஸ்கோப் அடையாளம் கண்டது!

மூன்றாவது தடயம், உலோகம். பழைய காலத்துப் பித்தளையில் உள்ள கலப்பு வேறு. இந்தக் காலத்துப் பித்தளையில் உள்ள கலப்பு வேறு. ஒரு சுரண்டல்கூட எடுக்காமல், கதிர் பாய்ச்சியே உலோகக் கலப்பை அறிய இன்று வழி உண்டு.

நான்காவது தடயம், வில்லை. நகல் செய்பவர் தகட்டைச் சுலபமாக வெட்டிவிடலாம். லூவன்ஹூக்கின் வில்லையைப் போலத் தெளிவாகக் காட்டும் வில்லையைச் செய்வது சுலபம் அல்ல.

ஐந்தாவது தடயம், கருவியின் பழங்கதை. அது யார் கையில் இருந்தது? அவருக்கு யார் கொடுத்தது? பழைய ரசீது உண்டா? ஏலப் பட்டியலில் இருக்கிறதா? வீட்டுக்கு மூலப்பத்திரம் பார்ப்பது போல, பொருளுக்கும் பார்க்கிறார்கள்.

இந்த ஐந்தும் ஒன்றையே சொன்னால்தான் நிபுணர்கள் தலை அசைப்பார்கள். ஒரு தடயம் மட்டும் போதாது.

திறக்காமலே தெரிந்த ரகசியம்

வில்லையை லூவன்ஹூக் எப்படிச் செய்தார்? அந்த ரகசியம் ஏறக்குறைய 300 ஆண்டு வெளிவரவில்லை.

தகட்டைப் பிரித்து வில்லையை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் யார் பிரிப்பார்கள்? ஆணியைக் கழற்றினால் விலை மதிப்பில்லாத கருவி போயிற்று!

ஹாலந்து விஞ்ஞானிகள் ஒரு யுக்தி செய்தார்கள். உட்ரெக்டில் உள்ள கருவியையும், லெய்டன் நகரில் போர்ஹாவ் பொருட்காட்சிச் சாலையில் உள்ள ஒரு கருவியையும் டெல்ப்ட் நகருக்குக் கொண்டுபோனார்கள். பிறந்த ஊருக்கே திரும்பின கருவிகள்!

அங்கே ஓர் அணு ஆராய்ச்சி உலை இருக்கிறது. அதில் இருந்து வரும் நியூட்ரான் கதிர்களைக் கருவியின் மீது பாய்ச்சினார்கள். நியூட்ரான் கதிர் உலோகத் தகட்டை ஊடுருவிச் செல்லும். டாக்டர் எக்ஸ்ரே எடுப்பது போல, உள்ளே இருக்கும் வில்லையின் உருவம் தெரிந்துவிட்டது.

2021-ம் ஆண்டு மே மாதம் முடிவு வெளிவந்தது. லெய்டன் கருவியில் இருந்த வில்லை, கண்ணாடியைத் தேய்த்து மெருகு போட்டது. 266 மடங்கு காட்டும் உட்ரெக்ட் கருவியில் இருந்ததோ, கடுகளவுக் கண்ணாடி உருண்டை!

அது எப்படி வந்தது? கண்ணாடியை நெருப்பில் உருக்கி மெல்லிய இழையாக இழுக்க வேண்டும். அந்த இழையின் நுனியை மறுபடி நெருப்பில் காட்டினால், நுனி தானாகவே சுருண்டு உருண்டை ஆகும். அதுவே வில்லை!

இந்த முறையை ராபர்ட் ஹூக் 1665-ம் ஆண்டிலேயே தம் புத்தகத்தில் அச்சிட்டிருந்தார். யாருக்கும் சொல்லாமல் காத்த ரகசியம், எல்லோரும் படிக்கக்கூடிய புத்தகத்தில் இருந்ததுதான்!

ஆனால் புத்தகத்தைப் படித்தவர்கள் பலர். பொறுமையாக உட்கார்ந்து அதைச் செய்து, 50 ஆண்டு விடாமல் பார்த்தவர் ஒருவர்தான்.

விலை எப்படிப் போடுகிறார்கள்?

2009-ம் ஆண்டு ஏப்ரலில் லண்டனில் கிறிஸ்டி ஏலக் கம்பெனி, லூவன்ஹூக்கின் வெள்ளிக் கருவி ஒன்றை ஏலம் விட்டது. அது 3 லட்சத்து 13 ஆயிரத்து 250 பவுனுக்குப் போயிற்று. அன்றைய கணக்கில் 2 கோடி ரூபாய்க்கு மேல்!

அதில் வெள்ளியின் விலை என்ன? அற்ப சொற்பம்தான். மீதிப் பணம் எதற்கு? "இது லூவன்ஹூக் கையால் செய்தது" என்ற நிச்சயத்துக்கு!

அதே தகடு, அதே வெள்ளி. ஆனால் நிச்சயம் இல்லை என்றால், அந்த விலையில் ஒரு சிறு பங்குகூடக் கிடைக்காது.

பழைய பொருளின் விலை நான்கு காரணங்களால் ஏறும், இறங்கும். செய்தவர் யார் என்ற நிச்சயம், எத்தனை மிஞ்சி இருக்கிறது, எந்தப் பகுதியும் குறையாமல் இருக்கிறதா, வாங்க ஆள் உண்டா என்பவையே அந்த நான்கு காரணங்கள். வயது மட்டும் விலை ஆகாது.

வீட்டுப் பரணில் இருந்தால்...

லூவன்ஹூக் கருவி எல்லோர் வீட்டிலும் இருக்காது. ஆனால் தாத்தா டாக்டராகவோ, கல்லூரி ஆசிரியராகவோ இருந்த வீடுகளில், பரணில் ஒரு பழைய பித்தளை மைக்ராஸ்கோப் இருக்கலாம். அதிலும் பெயர் இல்லாமல் இருக்கலாம். மேல்நாட்டில் பட்டறைகள் பெயர் போடாமல் செய்து கடைகளுக்குக் கொடுத்ததும் உண்டு.

அதன் வயதை ஓரளவு நாமே ஊகிக்கலாம்.

பொருளுக்கு அருகே வரும் கீழ்ப்பக்கத்து வில்லைக் குழலைக் கழற்றி, அதன் மரையைப் பாருங்கள். 1858-ம் ஆண்டுக்கு முன்பு ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டப்படி மரை வெட்டியது. அந்த ஆண்டில் லண்டன் மைக்ராஸ்கோப் சங்கம், எல்லோருக்கும் பொதுவாக ஓர் அளவை வகுத்தது. விட்டம் சுமார் 0.8 அங்குலம், அங்குலத்துக்கு 36 மரை. இன்றைய வில்லைக் குழல் உங்கள் பழைய கருவியில் சரியாகப் பொருந்தினால், அது பெரும்பாலும் 1858-க்குப் பிறகு வந்தது.

மூன்று கால்களின் மேல் குழல் நேராக நிற்கிறதா? அது 1725-ம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் தோன்றிய மாதிரி. அட்டைக் குழலும் மரப்பீடமும் இருந்தால் மிகப் பழையது. முழுவதும் பித்தளையானால் பிந்தியது.

அடிப்பாகம் குதிரை லாடம் போல் இருக்கிறதா? அது 19-ம் நூற்றாண்டின் நடுவில் இருந்து ஐரோப்பாவில் பரவிய மாதிரி. பொன்னிறப் பித்தளை போய், உடல் முழுவதும் கறுப்புப் பூச்சு இருந்தால் பெரும்பாலும் 20-ம் நூற்றாண்டு.

இந்தக் கறுப்பு மைக்ராஸ்கோப்புகளும், மாணவர்களுக்கான பித்தளை மைக்ராஸ்கோப்புகளும் ஏராளமாகச் செய்யப்பட்டவை. அவற்றுக்குக் கோடி கிடைக்காது. ஆனால் ஓர் அழகான பொருள் வீட்டில் இருக்கிறது என்ற பெருமை கிடைக்கும்.

கடைகளில் அலங்காரத்துக்காக விற்கும் புதுப் பித்தளை மைக்ராஸ்கோப்புகளும் உண்டு. அவற்றில் பழைய கம்பெனிகளின் பெயர் பளிச்சென்று பொறித்திருக்கும். கண் வைத்துப் பார்த்தால் உருவம் சரியாகத் தெரியாது! பெயர் இல்லாத அசலும் உண்டு. பெயர் உள்ள போலியும் உண்டு.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்!

பரணில் இருந்து எடுத்ததும் நம் வீட்டில் முதலில் செய்வது என்ன? புளி போட்டுத் தேய்ப்பது!

அதைச் செய்யவே கூடாது. பழைய பித்தளைக் கருவிகளின் மேல் மெல்லிய பொன்னிற மெருகு எண்ணெய்ப் பூச்சு இருக்கும். தேய்த்தால் அது போய்விடும். பிறகு எந்த நிபுணராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. பளபளப்பு ஏறும், விலை இறங்கும்!

மெல்லிய, உலர்ந்த துணியால் தூசி தட்டினால் போதும். இறுகிப்போன திருகைக் குறடு வைத்துத் திருப்ப வேண்டாம். ஆணியைக் கழற்ற வேண்டாம்.

மரப்பெட்டியை எறிய வேண்டாம். பெட்டிக்குள் கிடக்கும் சின்னக் குழல், ஊசி, கண்ணாடிச் சில்லு, கிழிந்த சீட்டு எதையும் எறிய வேண்டாம். அந்தச் சீட்டில்தான் கடைப் பெயர் இருக்கலாம்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால், "இது யாருடையது? எப்போது வந்தது?" என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, பெட்டிக்குள் வையுங்கள். ஐந்தாவது தடயம் அதுதான்.

அதன் பிறகு போட்டோ எடுத்து, பொருட்காட்சிச் சாலை அதிகாரிகளிடமோ, விஷயம் தெரிந்த இரண்டு மூன்று பேரிடமோ காட்டலாம். வாங்க வந்தவர் சொல்லும் விலையையே கடைசி விலை என்று நம்பிவிடக் கூடாது.

சீட்டு ஒன்று இருந்திருந்தால்...

1747-ம் ஆண்டில் டெல்ப்ட் ஏலத்தில் கருவி வாங்கியவர்கள், "இது லூவன்ஹூக் செய்தது" என்று ஒரு சீட்டு எழுதிக் கூடவே வைத்திருந்தால் போதும். எத்தனையோ கருவிகள் உருகாமல் தப்பி இருக்கும்.

பலர் எழுதவில்லை போலும். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்திருக்கலாம்.

எல்லோருக்கும் தெரிந்தது, இரண்டு தலைமுறையில் ஒருவருக்கும் தெரியாததாகிவிட்டது.

இன்னும் எத்தனை தகடுகள் டெல்ப்ட் கால்வாய்ச் சேற்றிலும், ஐரோப்பியப் பரண்களிலும் பெயர் இல்லாமல் கிடக்கின்றனவோ! லண்டனில் காணாமல் போன 26 வெள்ளிக் கருவிகளும் எங்கேயாவது ஓர் அலமாரியில், "என்னவோ பழைய சாமான்" என்று கிடக்கலாம்.

அதை எடுத்து, கண்ணருகே வைத்து, வெளிச்சத்தை நோக்கிப் பார்க்க ஒருவர் வர வேண்டும். அவ்வளவுதான்!